அபினும் நிர்ப்பந்தமும்: ஒரு பழைய ஃபத்வாவும் இன்றைய மருந்தும்

 

ஆறு ஆண்டுகளுக்கு முன், ரமளான் பிறக்கப் பத்து நாட்கள் இருந்தபோது, மஃக்ரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். மரக்காணம் உப்பளங்களிலிருந்து லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை செய்யும் எங்கள் மஹல்லாவாசி ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்த்தபோது வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் விழுந்தவன். ஊருக்கு அழைத்துவந்து ஓர் அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள்.

“ஹஜ்ரத், பையனுக்கு ஆஸ்பத்திரியில ஒரு மாத்திரை தர்றாங்க. நாக்குக்கு அடியில வெச்சுக்கணும். அஞ்சு மாசமா நல்லா இருக்கான், வேலைக்கும் போறான். ஆனா அந்த மாத்திரையும் அபின் சாதிதான்னு ஒருத்தர் சொல்றாரு. நோன்பு வேற வருது. என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

நான் எந்த மருத்துவரிடமும் கேட்கவில்லை. எந்தக் கிதாபையும் திறக்கவில்லை. “ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதையைப் பிடிக்கிறது தவ்பா ஆகுமா பாய்? அல்லாஹ் மேல பாரத்தைப் போட்டு நிறுத்தச் சொல்லுங்க” என்றேன்.

மகன் நிறுத்தினான். முதல் பத்து நோன்புகளைச் சிரமத்துடன் நோற்றான். மூன்றாம் பத்தில் ஓர் இரவு பழைய நண்பர்களைத் தேடிப் போய், பழைய அளவையே மீண்டும் ஊசியில் ஏற்றிக்கொண்டான். சில மாதங்களுக்கு முன் அந்த அளவைத் தாங்கிய உடல் இப்போது தாங்கவில்லை. மூச்சு அடங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். மூன்று நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து, அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தான்.

அந்தப் பெருநாளுக்குப் பிறகே, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கிதாபுகளைத் திறந்தேன், மருத்துவர்களிடமும் கேட்டேன். அப்போது கற்றதைத்தான் இங்கே வரலாறாக எழுதுகிறேன். என் பதிலைப் போன்ற பதில்கள் இன்றும் பல வீடுகளில் சொல்லப்படுகின்றன என்பதே எழுதக் காரணம்.

நம் முன்னோர் அறிந்திருந்த அபின்

அபின் என்ற சொல்லே நம் மொழிக்கு அரபியின் ‘அஃப்யூன்’ வழியாக வந்தது. அரபிக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. நம் வீடுகளில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அதே செடியின் விதைதான். விதையில் போதை இல்லை. பழுக்காத காயைக் கீறும்போது வடியும் பாலே அபின்.

முஸ்லிம் அறிஞர்கள் இதன் மருத்துவப் பயனையும் தீங்கையும் ஒருங்கே அறிந்திருந்தனர். கி.பி. 11ஆம் நூற்றாண்டில் அல்-பீரூனி (ரஹ்) மருந்துகள் பற்றி எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’ என்னும் நூலில், வெப்பமான நாடுகளில், குறிப்பாக மக்காவில், மக்கள் கவலையைப் போக்கவும் வெயிலின் கடுமையைத் தாங்கவும் உறங்கவும் தினமும் அபின் உண்ணும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, இறுதியில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அது போய்விடுகிறது என்றும் அவர் எழுதுகிறார். உடல் போதைப் பொருளுக்குப் பழகிப் பழகி மேலும் மேலும் கேட்கும் நிலையை இன்றைய மருத்துவம் விளக்குவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டு பதிவு செய்துவிட்டார்.

ஃபிக்ஹு அறிஞர்கள் இப்பொருளை மதுவோடு முழுமையாக ஒன்றாக்கவில்லை. அறிவை மயக்கும் அளவில் அபினை உண்பது ஹராம் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆயினும் மதுவைப் போல அது நஜீஸ் அன்று. அதற்கு மதுவின் குற்றத்தண்டனையும் இல்லை. மருந்தாகத் தேவைப்படும்போது அதற்கு இடமுண்டு என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் பிரித்துக் கூறினர். அழுகிப்போன கையை வெட்டி எடுக்க வேண்டிய நேரத்தில் நோயாளியின் உணர்வை நீக்கும் மருந்தை, அது மது அல்லாததாக இருப்பின், கொடுக்கலாம் என்பதே சரியான கருத்து என்று ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி (ரஹ்) எழுதினார்.

மக்காவில் கேட்கப்பட்ட கேள்வி

என் மஹல்லாவாசி திண்ணையில் கேட்ட கேள்வி, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வடிவில் கேட்கப்பட்டிருக்கிறது. கேட்கப்பட்டவர் இமாம் இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ (ரஹ்). எகிப்தில் பிறந்து மக்காவில் குடியேறி, ஹிஜ்ரி 974இல் மறைந்த ஷாஃபிஈ பேரறிஞர் அவர். தமிழகக் கரையோர மதரஸாக்களிலும் கேரளத்திலும் இன்றும் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முஈன்’ நூலை எழுதிய பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) இவருடைய மாணவர் என்பது நம்மில் ஓதியவர்கள் அறிந்ததே.

அபின் போன்றவற்றுக்கு அடிமையாகி, அதை உண்ணாவிட்டால் இறந்துவிடுவான் என்ற நிலையில் இருப்பவனின் சட்டம் என்ன என்று அவரிடம் கேட்டார்கள். உறுதியாக அந்த நிலை இருப்பின் அவன் உண்பது ஆகும் என்பதோடு அவர் நிற்கவில்லை; உயிரைக் காப்பதற்காக உண்பது அவன் மீது கடமையாகிவிடும் என்றும் கூறினார். பசியால் சாகப்போகிறவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி எப்படியோ, அப்படியே இதுவும் என்பது அவர் விளக்கம். கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தார்: உடல் உணராத வண்ணம் சிறிது சிறிதாக அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அம்முயற்சியைக் கைவிட்டால் அவன் பாவியாவான்.

இந்தத் தீர்ப்பை டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), 1836இல் மறைந்தவர், தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் எடுத்தெழுதுகிறார். ஹனஃபி மத்ஹபின் விதிகள் இதற்கு முரண்படவில்லை என்று அல்லாமா ரம்லீ (ரஹ்) கூறியதையும் சேர்த்தே எழுதுகிறார். ஆக, கரையோர ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஹனஃபிகளும் பின்பற்றும் இரு மத்ஹபுகளின் கிதாபுகளிலும் இத்தீர்ப்பு இருக்கிறது. பத்து ஆண்டுகள் அக்கிதாபுகளின் அருகில் அமர்ந்து பாடம் நடத்தியும், கேள்வி வந்த நாளில் நான் அதைத் தேடவில்லை.

தீர்ப்பின் அடிப்படை எல்லோரும் அறிந்தது. சூரா பகராவின் 173ஆம் வசனம், வரம்பு மீறாமலும் விரும்பாமலும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவன் மீது குற்றமில்லை என்ற பொருளைத் தருகிறது. மதுவிலக்கும் ஒரே நாளில் இறங்கவில்லை; முதலில் அதன் தீமை நன்மையைவிடப் பெரிது என்றும், பிறகு மயக்க நிலையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்றும், இறுதியாக முற்றிலும் விலகிக்கொள்ளுங்கள் என்றும் படிப்படியாகவே இறங்கியது. சட்டம் இன்று முழுமையடைந்துவிட்டது. மதுவை இனிப் படிப்படியாக விடலாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பழக்கத்தில் ஊறிய மனித உடலை அதன் ரப்பு எவ்வளவு அறிந்திருக்கிறான் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

உப்பும் அபினும்

அக்காலத்தில் அபினைக் குறைக்க அபினைத் தவிர வேறு வழி இல்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் அது மருந்து என்ற எல்லையைத் தாண்டி, அரசின் வருமானமாக மாறியது. எங்கள் உப்பளப் பகுதிக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. ஆங்கிலேயக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. வங்கத்திலோ சுங்கம், உப்பு, அபின் மூன்றையும் ஒரே வாரியம் நிர்வகித்தது. சென்னை மாகாணத்திலும் பிற்காலத்தில் உப்புக்கும் அப்காரிக்கும் ஒரே இலாகா இருந்தது. ஏழையின் கஞ்சிக்கான உப்பும், அவனை மயக்கும் பொருளும் ஒரே கருவூலத்தை நிரப்பின.

கங்கைச் சமவெளியில் விளைந்த அபின் காஸிப்பூர் தொழிற்சாலையில் பதப்படுத்தப்பட்டுச் சீனத்துக்கு ஏற்றுமதியாயிற்று. 1878ஆம் ஆண்டின் அபின் சட்டத்தின் கீழ் உள்நாட்டிலும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபோது 1893இல் ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 1895இல் அறிக்கை தந்தது. இந்தியர்கள் அபினை அளவாகவே பயன்படுத்துகிறார்கள், தடை தேவையில்லை என்பது அதன் முடிவு. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அதே 1930இல்தான் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1959க்குப் பிறகு மருத்துவக் காரணத்தின் பேரில் அரசிடம் பதிவு செய்துகொண்ட பழைய அபின் பழக்கத்தார்க்கு மட்டுமே அளவிட்டு அபின் கொடுக்கப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ள 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது. எனினும் அதன் 71ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்ட அடிமைகளுக்கு மருத்துவத் தேவை இருப்பின் மருந்து வழங்கும் மையங்களை அரசு அமைக்க இடமளிக்கிறது. 64அ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்குச் சட்டத்தில் வகுத்துள்ள நிபந்தனைகளின்படி வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. பிடிபட்டுவிடுவோமோ என்று அஞ்சி மகனை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

மருந்து வந்த வழி

பழக்கத்தை நிறுத்த வைத்து வீட்டுக்கு அனுப்பினால், பெரும்பாலோர் மீண்டும் அதிலேயே விழுகிறார்கள் என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். 1964இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய இரு மருத்துவர்கள் வேறொரு வழியை முயன்றனர். ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு மார்ஃபின் கொடுத்தபோது அவர்கள் மேலும் மேலும் கேட்டார்கள். நாள் முழுதும் அடுத்த ஊசியைப் பற்றிய எண்ணமே இருந்தது. மெத்தடோன் என்னும் மருந்தை வாய்வழியாகத் தினம் ஒருமுறை கொடுத்தபோது நிலை மாறியது. நோயாளிகளில் ஒருவர் ஓவியம் வரையத் தொடங்கினார்; இன்னொருவர் விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கேட்டார். அவர்களின் ஆய்வு 1965இல் வெளியாயிற்று.

அடுத்த மருந்து, அபின் செடியிலிருந்தே கிடைக்கும் தெபைன் என்னும் பொருளிலிருந்து 1966இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் உருவாக்கப்பட்டது. அதுவே ப்யூப்ரெனார்ஃபின், என் மஹல்லாவாசியின் மகன் நாக்கின் அடியில் வைத்திருந்த மாத்திரை. மூளையில் அபினும் ஹெராயினும் போய் அமரும் இடங்களிலேயே இதுவும் அமர்கிறது. ஆனால் அவ்விடங்களைப் பாதியளவே தூண்டுகிறது. ஆகவே பழகிய உடலின் நடுக்கமும் வாந்தியும் ஏக்கமும் அடங்குகின்றன, போதை ஏறுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு அதற்கேற்பக் கூடுவதில்லை. அமர்ந்த இடத்தை இறுகப் பற்றிக்கொள்வதால், மேலே ஹெராயின் எடுத்தாலும் அது பெரிதாக வேலை செய்வதில்லை. சில மாத்திரைகளில் நலாக்ஸோன் என்ற மற்றொரு மருந்தும் சேர்க்கப்படுகிறது. நாக்கின் அடியில் வைத்தால் நலாக்ஸோன் ஏறக்குறைய செயலற்றிருக்கும். கரைத்து ஊசியில் ஏற்றினால் போதையைத் தடுத்துவிடும்.

பிரான்ஸில் 1996இல் சாதாரண மருத்துவர்களும் இம்மருந்தை எழுதித்தர வழி செய்யப்பட்டது. 1995க்கும் 1999க்கும் இடையில், அளவு மீறிய போதையால் நேர்ந்த மரணங்கள் அங்கே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் ப்யூப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

சிகிச்சையில் இருப்பவர்களைவிட, அதைத் திடீரென விட்டவர்கள் முதல் சில வாரங்களில் இறக்கும் அபாயம் மிக அதிகம் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடுகிறது. மனமோ பழைய அளவையே நினைவில் வைத்திருக்கிறது. என் பதிலைக் கேட்டு நடந்த இளைஞனுக்கு நேர்ந்தது இதுதான்.

நம் நாட்டில்

இந்தியாவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்பு மையம் 1988இல் தொடங்கப்பெற்றது. 1990களில் அங்கே ப்யூப்ரெனார்ஃபின் சிகிச்சை வளர்ந்தது. சென்னையின் அனுபவம் கசப்பானது. முதலில் பிரவுன் ஷுகரைப் புகைத்தவர்கள் 1990களில் ஊசிக்கு மாறினர். கடைகளில் கிடைத்த ப்யூப்ரெனார்ஃபின் ஊசி மருந்தையே பலர் ஏற்றிக்கொண்டனர். ஓர் ஊசி பல கைகளுக்கு மாறியதால் எச்.ஐ.வி.யும் பரவியது. ஒரே பொருள் தெருவில் நஞ்சாகவும், மருத்துவரின் கையில் மருந்தாகவும் இருப்பதற்கு இதுவே சான்று. அதனால்தான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007–08 முதல் நடத்தும் மையங்களில், பணியாளரின் கண்முன்னே மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் செய்கிறார்கள்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் பல லட்சம் பேருக்குச் சிகிச்சை தேவை. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று சொல்லிக்கொள்ள நம்மால் இயலாது.

பள்ளிவாசலுக்குள் வந்த சிகிச்சை

முஸ்லிம் நாடுகள் இக்கேள்வியை எப்படி எதிர்கொண்டன? மலேசியா 2005இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2010இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள மஸ்ஜித் அர்-ரஹ்மானிலேயே அச்சிகிச்சை வழங்கப்பட்டது. மருந்தோடு தொழுகையும் மார்க்கப் போதனையும் சேர்ந்தே நடந்தன. தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் நகரம் அது. ஈரானில் சிறைகளுக்குள்ளும் மெத்தடோன் கொடுக்கப்பட்டது. இத்தகைய சிகிச்சைகளுக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று 2005இல் அந்நாட்டின் நீதித்துறைத் தலைவரே சுற்றறிக்கை அனுப்பினார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்றல்லவா இப்னு ஹஜர் (ரஹ்) சொன்னார். சிலர் ஆண்டுக்கணக்கில் இம்மாத்திரையை எடுக்கிறார்களே? அவர் காலத்தில் நோயாளி உண்டது அபினையே. அது ஒவ்வொரு வேளையும் அவன் அறிவை மயக்கியது. சரியான அளவில் ப்யூப்ரெனார்ஃபின் எடுப்பவர் தொழுகிறார், கணக்குப் பார்க்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். தடைக்குக் காரணமான மயக்கம் அங்கே இல்லை. குறைக்க வேண்டும் என்ற நோக்கம் மாறவில்லை. எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதை அறிந்தவர் மருத்துவர். உயிரைக் காக்கவே குறைக்கச் சொன்னார்கள்; அவசரமாகக் குறைத்து உயிரை இழந்தால் அத்தீர்ப்பின் நோக்கமே கெட்டுவிடும். இது என் புரிதல். உங்கள் வீட்டுக்குரிய சட்டத்தை, மருத்துவரின் விளக்கத்தோடு ஒரு முஃப்தியிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

நோன்பைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. இம்மாத்திரை பொதுவாகத் தினம் ஒருமுறை எடுப்பது. ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சொன்னால், இஃப்தாருக்குப் பின்னோ ஸஹருக்கு முன்னோ எடுக்கும்படி நேரத்தை மாற்றித் தருவது குறித்து அவர் முடிவு செய்வார். உங்கள் விருப்பத்துக்கு நிறுத்தாதீர்கள். மது, தூக்க மாத்திரை ஆகியவற்றோடு இது சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயமுண்டு. மருத்துவச் சீட்டின்றி வெளியில் வாங்குவதும் கூடாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் கேட்கலாம்.

இமாம்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2023 மே மாதம் எங்கள் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பலர் இறந்தனர். பக்கத்து ஊர்களில் ஜனாஸாவுக்கும் துக்கத்துக்கும் போய் வந்த நாட்கள் அவை. மெத்தனால் விஷத்துக்கு மருத்துவம் கைக்கொள்ளும் முறிவுகளில் ஒன்று சாதாரண ஆல்கஹாலே என்று அப்போதுதான் ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். உயிர் போகும் நேரத்தில் மருத்துவர் எதைக் கையில் எடுக்கிறார் என்பதை வைத்து அவரை நாம் போதை கொடுப்பவர் என்று சொல்ல மாட்டோம். நாக்கின் அடியிலுள்ள மாத்திரையையும் அவ்வாறே பாருங்கள். போதை மருந்து என்ற பெயரைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், முதலில் விசாரியுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்த இளைஞனின் வீட்டுக்கு நான் போனேன். தந்தையிடமும் மகனிடமும், நான் அறியாமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள் என்று கேட்டேன். தந்தை சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பினேன் ஹஜ்ரத்” என்று மட்டும் சொன்னார். மகன் மீண்டும் சிகிச்சையில் சேர்ந்தான். மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறார். எப்போது முடியும் என்று நான் கேட்பதில்லை. கடந்த ரமளானில் முப்பது நோன்பும் நோற்றான். தராவீஹில் பெரும்பாலும் இரண்டாம் வரிசையில், தன் தந்தையின் பக்கத்தில் நின்றான்.

நோயையும் நிவாரணத்தையும் படைத்த அல்லாஹ், நம் பிள்ளைகளைக் காப்பானாக! அறிந்ததைச் சொல்லவும், அறியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.